உயர்த்திய கைகள்

நம்பாவிட்டால் போங்கள், யாரும் கெஞ்சவில்லை. போன வருடம் ஜூலையில் ஒரு ஞாயிறு. பட்டப்பகல். கொட்டாஞ்சேனையில் நாற்பத்தொரு பேர் கண்ணால் கண்டது. அதில் ஏழு பேருக்குத் தையல் போட்டார்கள். பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது?

பேர்னாட் அங்கே ஒரு ஜெபச் சபையில் விழுகிறவர்களைப் பிடிக்கிறவன். ஆவியில் நிறைந்து யாராவது சாய்ந்தால், மண்டை தரையில் அடிபடாமல் தாங்க வேண்டும். அதுதான் அவன் ஊழியம். ஆறு மாதமாக ஒருவரும் விழவில்லை. சனம் லைட் போஸ்ட் மாதிரி நிற்கும். "வீட்டில ஒரு கோப்பையை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது, இவர் ஆக்களைப் பிடிக்கப் போறாராம்" என்று அவன் மனைவி மாக்ரெட் வேறு நக்கலடிப்பாள்.

பாஸ்டர் யோகராஜுக்கு அது பெரிய கவலை. ஆராதனை என்பது நாலு பாட்டுப் பாடிவிட்டுச் சோறு தின்னப் போவதல்ல, அது ஒரு பழக்கம், பயிர் மாதிரி வளர்க்க வேண்டும் என்பார். பத்து நிமிடம் முந்தி வர வேண்டும். போனை அணைக்க வேண்டும். பாட்டு முடியும்வரை உயர்த்திய கையை இறக்கக் கூடாது. முதல் வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து என்று சபையைப் பழக்கிக்கொண்டு வந்தார். அன்று அரை மணித்தியாலம். புது மண்டபத்தில் முதல் ஆராதனையும் அன்றுதான். மண்டபமென்றால் என்ன, ஒரு பழைய வெங்காய ஸ்டோரின் மேல்மாடி. வெள்ளையடித்திருந்தார்கள்.

மாக்ரெட்டின் வலது தோள் நாலு மாதமாக இறுகிக் கிடந்தது. கையைத் தூக்கினால் உயிர் போகும்.

"நீ தூக்க வேண்டாம், கதிரையில இரு" என்றான் பேர்னாட்.

"எல்லாரும் நிக்க நான் மட்டும் இருக்கிறதோ? வெக்கம்." பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

9.52. முன்வரிசையில் உஷாந்தி, வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, கை உளைந்து இறக்கினாள்.

பளார்.

சுழன்று விழுந்தாள். பேர்னாட் பாய்ந்து பிடித்தான். ஆறு மாதத்தில் முதல் ஆள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபை அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. "அக்கினி இறங்குது... கையை இறக்காதீங்கோ" என்று பாஸ்டர் மைக்கில் கத்தினார்.

பேர்னாட் அவள் முகத்தைத் திருப்பினான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. காதிலிருந்து இரத்தம். பரிசுத்த ஆவி அறைவாரா?

9.54. ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர். வியர்வை துடைக்கக் கையை இறக்கினார். விஷ்... தடி வீசும் சத்தம். காறையெலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. அதற்கும் அல்லேலூயாதான்.

மூன்றாவது ஆளுக்கு மூக்கு உடைந்தது. நாலாவது ஆள் விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. முதுகில், விலாவில்... யாருமே இல்லாத இடத்திலிருந்து உதை. ஒவ்வொரு உதைக்கும் அந்த உடம்பு தரையில் ஓரடி நகர்ந்தது. இப்போது அல்லேலூயா இல்லை. அலறல்தான்.

பாஸ்டர் ஒரு கையில் மைக்கோடு, தூக்கியிருந்த மற்றக் கையை இறக்கிக்கொண்டு ஓடி வந்தார். வாயிலேயே அடி விழுந்தது. அவருடைய பல் மைக்கில் பட்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

அப்போதுதான் பேர்னாட்டுக்குப் பிடிபட்டது. அடி விழுந்ததெல்லாம் தூக்கிய கையை இறக்கியவர்களுக்கு. மூலையில் பாயில் இருந்த பிள்ளைகள் கையே தூக்கவில்லை, ஒரு கீறலும் இல்லை. அவனும் தூக்கவில்லை.

மாக்ரெட்...

அவள் வலது கை நடுங்கிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏலாது... பேர்னாட், ஏலாது."

பாய்ந்தான். முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தான். தோள் கடக்கென்றது. அவள் வீறிட்டாள். அவன் விடவில்லை.

"ஒருத்தரும் கையை இறக்காதீங்கோ. விழுந்த ஆக்களும் தூக்குங்கோ. அப்படியே வெளிய போங்கோ."

விழுந்தவர்கள் முறியாத கையைத் தூக்கினார்கள். அடி நின்றது. முழங்காலால் நகர்ந்தார்கள். இரத்தம் ஒழுக ஒழுக, கை தூக்கியபடி, வரிசையாகப் படியிறங்கினார்கள்.

கடைசியில் பேர்னாட்டும் மாக்ரெட்டும்.

அவர்களுக்குப் பின்னால்... டக்... டக்... இன்னொரு ஆள் இறங்கும் சத்தம்.

அவன் திரும்பவில்லை.

10.11. ரோட்டு வந்தது. கையை விட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை, எதிர்ப்பக்கம் ஓட்டோ நிறுத்தும் நிலாம் விசயத்தைச் சொன்னான். அவனுடைய வாப்பா அந்த ஸ்டோரில் மூட்டை தூக்கிய நாட்டாமிகளில் ஒருவர். ஒரு நாள் மூட்டையொன்று காணாமல் போயிருக்கிறது. முதலாளி எல்லோரையும் மேல்மாடியில் கை தூக்கி நிற்க வைத்தாராம், காலையிலிருந்து. இறக்கியவனுக்குத் தடியடி.

"அடிச்சே கொன்டவரோ?" என்றான் பேர்னாட்.

"இல்ல அண்ணே. கைய எறக்கினவங்களுக்கு அடி மட்டும்தான். எங்கட வாப்பாவும் வாங்கின. உசிரோடதான் ஊட்டுக்கு வந்த." நிலாம் வெற்றிலையைத் துப்பினான். "கீழ வேல செஞ்ச ஒருத்தன் மேல ஏறிப் போய், அங்க நிண்ட அவன்ட தம்பிட கையத் தாங்கிப் பிடிச்ச. அவனுக்குத்தான் கொல."

"அங்கேயேயோ?"

"அதுதான் இல்ல. அண்டைக்கு அவன்ல வெரல் கூடப் படல்ல. அவங்க படியால எறங்க, முதலாளி பின்னாலயே வந்து, ரோட்டு வரைக்கும் வழியனுப்பின. ரெண்டு வருசம் பொறுத்துத்தான், அவன்ட ஊட்டுக்கே போய், பொஞ்சாதி பாத்துக்கொண்டிருக்க அடிச்சுக் கொன்ட. ஜெயில்லயே முதலாளியும் செத்துப் போன."

மாக்ரெட்டின் தோள் இன்னும் சுகமாகவில்லை. காலையில் சட்டை போடும்போது, "வாங்கோ, கையைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று கூப்பிடுவாள். பேர்னாட் போய்ப் பிடிப்பான். நிலாம் சொன்ன எதையும் அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஜூலையில் இரண்டு வருடம் முடிகிறது.