சிறுவாணித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்

சிறுவாணித் தண்ணீர் என்றால் கோயம்புத்தூர்க்காரனுக்குப் புத்தி வேலை செய்யாது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கும் வேலை செய்யவில்லை.

பெங்களூரில் இருக்கும் என் மகள் சில வாரங்கள் என்னோடு தங்க வந்திருந்தாள். மனைவி போனபின் நான் தனியாக இருக்கும் வீடு. பகலெல்லாம் கம்ப்யூட்டரில் அலுவலக வேலை பார்ப்பாள். கண்ணாடிக்குப் பதில் காண்டாக்ட் லென்ஸ். தினமும் படுக்கப் போகுமுன் அதைக் கழற்றி, சிறிய டப்பாவில் லென்ஸ் சொல்யூஷன் ஊற்றி ஊறவைப்பாள். அந்த பாட்டில் குளியலறை அலமாரியில் இருக்கும்.

“என்ற சாமானத்த மட்டும் நவுத்தாதீங்கப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்” என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழிக்க இடம் வேண்டி அதை நகர்த்தினேன். மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. பாட்டில் கைகழுவும் தொட்டிக்குள் விழுந்து, எடுப்பதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. தெருமுனை மருந்துக்கடையில் விசாரித்தேன், இல்லை என்றார்கள். கண்ணாடிக் கடைகள் திறக்க மறுநாள் ஆகும். அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இது என்ன, உப்புத் தண்ணீர்தானே என்று கணக்குப் போட்டேன். குழாயில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை சமையல் உப்புப் போட்டுக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காய்ச்சக்கூட இல்லை. சிறுவாணியைக் காய்ச்சினால் அதற்கு அவமரியாதை என்று நினைக்கிற ஊர் இது.

மறுநாள் புதிது வாங்கி மாற்றிவிடுவதாகத்தான் நினைத்தேன். அவள் எதையும் கவனிக்கவில்லை. நானும் கடைக்குப் போகவில்லை.

“லென்ஸ் போட்டா லேசா எரியுதுங்கப்பா.”

“பாலம் கட்டற தூசி கண்ணு. ஊரே கண்ணைக் கசக்கிட்டுத்தான் திரியுது.”

“பாருங்க, ஊருத் தூசின்னா நீங்களே குத்தம் சொல்றீங்க. தண்ணியச் சொன்னா மட்டும் சண்டைக்கு வருவீங்க!”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு வலது கண் சிவந்தது. லென்ஸைக் கழற்றிவிட்டாள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதையும் தணிக்கவில்லை. வெளிச்சம் பட்டால் துடித்தாள். திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறு எடுத்துப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டு வந்தேன். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியில் வெகுநேரம் பார்த்தார்.

“லென்ஸோட தூங்கிட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டர்.”

“போட்டுட்டுக் குளிச்சீங்களா?”

“இல்லீங்க.”

“லென்ஸ்லயோ டப்பாலயோ தண்ணி பட்டுதா?”

“ஒரு சொட்டுக்கூடப் படலீங்க. அதுல நான் ரொம்பக் கரெக்டுங்க.” வலியிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

“அப்ப வைரஸா இருக்கலாம். அதுக்கு மருந்து எழுதறேன்” என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

நான் பின்னால் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டரிடம் தனியாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் யோசித்தேன். பேனா எழுதிக்கொண்டே போனது.

“தண்ணி பட்டிருக்குதுங்க” என்றேன். “நாந்தான் ஊத்துனேன். சிறுவாணிங்க. உப்புப் போட்டு.”

மகள் திரும்பவில்லை. டாக்டர் பேனாவை வைத்தார்.

“நானும் சிறுவாணிதானுங்க குடிக்கறேன். குடிக்க அதவிட நல்ல தண்ணி இல்ல. ஆனா எந்தக் குழாய்த் தண்ணியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருக்கலாம். வயித்துக்குள்ள போனா ஒண்ணும் பண்ணாது. லென்ஸுக்கு அடியில சிக்கிட்டா கருவிழியத் தின்னும். இப்பவாவது சொன்னீங்களே. வேற மருந்துல நாள் போயிருந்தா பார்வைக்கே ஆபத்துங்க.”

கண்ணை மரத்துப்போக வைத்து, கருவிழியில் லேசாகச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஆட்டோவில் வரும்போதுதான் மகள் வாயைத் திறந்தாள்.

“ஏனுங்கப்பா, நான் திட்டிப்போடுவேன்னு பயந்துட்டீங்களா?”

“ஆமா கண்ணு.”

“திட்டியிருப்பேன். அவ்வளவுதானுங்களே.”



பரிசோதனையில் டாக்டர் சொன்ன அந்த உயிர்தான் என்று தெரிந்தது. மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும். குணமானாலும் கருவிழியில் தழும்பு நிற்கலாம், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மணிக்கொரு முறை நான்தான் விடுகிறேன். பக்கத்தில் போனதும் அவள் கேட்பாள்:

“இது மருந்துதானுங்களாப்பா?”

கேலியாகக் கேட்கவில்லை. பாட்டிலை அவளுடைய இடது கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறேன். எழுத்தைப் படித்துப் பார்த்த பிறகுதான் தலையைச் சாய்க்கிறாள்.