தலைமாட்டில் ஒருவர்

காய்கறி மொத்த மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் முள்ளக்கா. தராசில் முள் இருந்த காலத்தில் எடை போட உட்கார்ந்தவர். முள் போய் சிவப்பு எண்கள் வந்த பிறகும் பெயர் போகவில்லை. எனக்கு அண்ணி, என் கணவரின் அக்கா. இருபத்திரண்டு வருடமாக அவருடைய எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் மூட்டைகளுக்கு வாய் தைக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழும்பாது. அதனால் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்ததில் பாதிக்கு மேல் அண்ணியைத்தான்.

லாரியிலிருந்து வெங்காயம் இறங்க ஆரம்பித்தால் கடைசி மூட்டை வரைக்கும் அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். போன் அடித்தால் அடிக்கும். ஒருமுறை கொட்டகைக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஆளாளுக்கு ஓடினார்கள். அண்ணி, "ஐம்பத்திரண்டு எழுநூறு, அடுத்தது போடு," என்று சொல்லிவிட்டுத்தான் காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் அண்ணி, ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னா என்ன?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"நான் எழுந்திரிச்ச ரெண்டு நிமிஷத்துல நாலு மூட்டை ஏறி இறங்கிடும். அப்புறம் யார் சொல்றது எடை?" என்றார்.

அப்படிப்பட்டவர் போன வருடம் வேலை நேரத்தில் ஸ்டூலை விட்டு எழுந்தார். எழுந்து, உருளைக்கிழங்கு மூட்டை மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகு வரைக்கும் போயிருக்கிறது. முகம் முழுக்க வேர்வை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல். எடுத்துவிட வேண்டும், வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போதும், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் சர்ஜன்.

மார்க்கெட்டில் ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்கே வைத்தியம் தெரியும்.

"கத்தி ஒண்ணும் பண்ணாது முள்ளக்கா, மயக்க ஊசிதான் ஆளத் தூக்கும்," என்றார் வெங்காய வியாபாரி. "என் சகலைக்குப் பாதியில முழிப்பு வந்துடுச்சாம். எல்லாம் காதுல விழுதாம், கையத்தான் தூக்க முடியலயாம்."

"உங்க சகலைக்கு முழிச்சிருக்கும்போதே கை தூக்க வராதே," என்றார் லோடு இறக்குகிறவர். பிறகு அண்ணியிடம் குனிந்து, "ஆனா அக்கா, ஒண்ணு. மயக்கத்துல மனசுல உள்ளது எல்லாம் வெளிய வந்துடுமாம். எங்க பக்கத்து வீட்டுக்காரர் பொண்டாட்டிக்குத் தெரியாம வாங்கின இடத்தையே உளறிட்டாராம்."

"முதுகுல போட்டாங்கன்னா ஆயுசுக்கும் முதுகு வலி," என்றார் டீக்கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாயைத் திறந்து பயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேரும் தேதிக்குத் தலையாட்டினார், பையை அவரே கட்டினார்.

காலையில் ஆபரேஷன். நடுராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். விடிந்ததும் டிராலி வந்தது. "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார் நர்ஸ்.

"சாப்பிட்டேன். ரெண்டு பிஸ்கட்," என்றார் அண்ணி.

டிராலி காலியாகத் திரும்பிப் போனது. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"பசிச்சுது. கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்ற?"

ஒரு மாதம் கழித்து மறுபடி தேதி. அந்த முறை ஒரு வாழைப்பழம். அண்ணியின் வாயில் பொய் வராது என்பது எனக்குத் தெரியும். உண்மையை வைத்தே இப்படி ஒளிந்துகொள்ள முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் எல்லோரும் மறதி என்றார்கள், வயசு என்றார்கள். முப்பது மூட்டையின் எடையை வரிசை மாறாமல் சொல்கிறவருக்கு மறதியா? நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வலி ஜுரத்தோடு வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு வாரம் ஊசி போட்டு அடக்கினார்கள். சர்ஜன் இந்த முறை சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி வந்தா உயிருக்கே ஆபத்து. அப்ப அவசரமா வயித்தத் திறக்கணும். இப்ப நல்லா இருக்கும்போதே எடுத்துக்கறதுதான் பாதுகாப்பு." நாளைக் காலை என்று மூன்றாவது முறையாக முடிவானது.

அன்று சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி குளித்துவிட்டு வந்து துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்தார். ஈரத் துண்டை யாராவது தலையணைக்கு அடியில் வைப்பார்களா? அவர் முகத்தைத் திருப்பிய நேரத்தில் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு வாழைப்பழம்.

அதே நேரத்துக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், கான்வாஸ் ஷூ போட்ட அம்மா. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், ஆடும் பல் இருக்கிறதா என்று கேட்டார், எடை கேட்டார்.

"அறுபத்தோரு கிலோ நானூறு. உங்க வார்டு மெஷின் அறுபத்திரண்டு காட்டும், அத நம்பாதீங்க. தரை சாஞ்சிருக்கு," என்றார் அண்ணி.

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். "ரெண்டு தடவை தள்ளிப் போயிருக்கே. சாப்பிட்டுட்டீங்களாமே?"

"பசிச்சுது."

"நாளைக்கு வேண்டாம்மா. வயித்துல சாப்பாடு இருந்தா மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். அதுக்காகத்தான் சொல்றது, உங்களப் பட்டினி போட இல்ல." சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். வராந்தாவில் அவர் லிஃப்ட் வரைக்கும் போய்விட்டார். "டாக்டர்" என்று கூப்பிட்டது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"அவங்க மறந்து சாப்பிடல டாக்டர். பயந்து சாப்பிட்டாங்க. நாளைக்கும் சாப்பிடுவாங்க. பழம் வெச்சிருக்காங்க."

லிஃப்ட் வந்து திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. டாக்டர் ஏறவில்லை. திரும்பி வார்டுக்குள் வந்து, ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து அண்ணியின் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, பசியில சாப்பிட்டீங்களா, பயத்துல சாப்பிட்டீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு லாரி வெங்காயத்தையும் என் தலையில் இறக்கியது போலிருந்தது அந்தப் பார்வை.

"இவ சொன்னாளா? இவளுக்கு வாய் இருக்கா?"

"இன்னிக்குத்தான் திறந்திருக்கு போல. இப்ப நீங்க திறங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, அவசரமே இல்ல."

அண்ணி கொஞ்ச நேரம் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு கேட்டார்.

"எழுந்திருப்பேனா?"

"எழுந்திருப்பீங்க. ஆபத்தே கிடையாதுன்னு சொன்னா அது பொய். ஆனா ரொம்ப ரொம்பக் குறைச்சல். உங்க ரத்தம், இதயம், மூச்சு எல்லாம் பார்த்துட்டுத்தான் சொல்றேன். மருந்து ஓடறவரைக்கும் தூங்குவீங்க, நிறுத்தினா கொஞ்ச நேரத்துல முழிப்பீங்க."

"பாதியில முழிச்சுட்டா?"

"அது ரொம்ப அபூர்வம். உங்க நாடி, பிரஷர், மூச்சு, எவ்வளவு மருந்து உள்ள போகுதுங்கறது எல்லாம் மெஷின்ல ஓடிக்கிட்டே இருக்கும். தூக்கம் லேசாகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், மருந்தைக் கூட்டிடுவேன்."

"உளறுவாங்களாமே?"

"யாரு சொன்னது? மூச்சுக்குத் தொண்டையில குழாய் இருக்கும், எங்கிருந்து உளறறது? முழிக்கும்போது ரெண்டு வார்த்தை குழறலா வரும். இத்தனை வருஷத்துல ஒருத்தர் ரகசியம்கூட எனக்குக் கிடைக்கல. கிடைச்சாலும் வெளிய போகாது."

"முதுகுல போடற ஊசி?"

"உங்களுக்கு அது இல்லவே இல்ல. போட்டாலும் ஆயுசு பூரா வலிக்காது, ரெண்டு மூணு நாள் குத்தின இடம் வலிக்கலாம்."

அண்ணி தலையாட்டினார். ஆனால் விரல் போர்வையை விடவில்லை. மார்க்கெட் சொன்னது எல்லாம் கேட்டாகிவிட்டது, அவருடைய கேள்வி இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை.

"ஊசியப் போட்டுட்டு நீங்க போயிடுவீங்கல்ல?" என்றார் அண்ணி.

"எங்க?"

"அடுத்த ஆளுக்குப் போட. எத்தன பேர் இருப்பாங்க உங்களுக்கு."

"இல்லம்மா. உங்க தலைமாட்டுல ஒரு ஸ்டூல் இருக்கு. அதுதான் என் இடம். ஊசி போடறது ஒரு நிமிஷ வேலை. மீதி நேரம் பூரா உங்களப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுதான் என் வேலையே."

"டீ குடிக்க?"

"முடிச்சுட்டுத்தான்."

"போன் வந்தா?"

"வெளியில கிடக்கும்."

"அவசரமா ஒண்ணுக்கு வந்தா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு மயக்க டாக்டர் வந்து அந்த ஸ்டூல் பக்கத்துல நிப்பார். எது எவ்வளவு இருக்குன்னு அவர்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன். காலி ஸ்டூல் மட்டும் கிடையாது."

"மாத்து ஆள் வந்தப்புறம்தான்."

"அப்புறம்தான்."

"அது சரி," என்றார் அண்ணி. மார்க்கெட்டில் எடை ஒத்துப் போனால் சொல்லும் அதே "அது சரி". தலையணைக்கு அடியிலிருந்து துண்டை உருவி என் மடியில் போட்டார். "இந்தா, நீயே தின்னு. காட்டிக் கொடுத்ததுக்குக் கூலி."

மறுநாள் டிராலி தள்ள வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார்: "இன்னிக்கு என்னம்மா டிபன்?"

"வயிறு காலி. நீ பேசாம தள்ளு," என்றார் அண்ணி.

இரண்டரை மணி நேரம். என் கணவர் வராந்தாவை அளந்துகொண்டிருந்தார். கதவு திறந்து டிராலி வந்தபோது அண்ணி கண்ணைத் திறந்துதான் இருந்தார். நான் குனிந்ததும், "மணி என்ன?" என்றார். சொன்னேன். உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப் போனார்.

வலி சாயங்காலம்தான் வந்தது. நர்ஸ் வந்து, "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டார்.

"பத்துன்னா எது? பத்தக் காட்டுங்க முதல்ல."

"நீங்க பட்டதிலயே பெரிய வலிய பத்துன்னு வெச்சுக்குங்களேன்."

அண்ணி யோசித்தார். "என் பொண்ணு பொறந்தது பத்து. அப்ப இது மூணு." மாத்திரை வேண்டாம் என்று கையை ஆட்டினார். பழகிவிடுமாம், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாதாம்.

மூணுதான், அதில் பொய் இல்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் மல்லாந்து படுத்து, பாதி மூச்சுதான் விட்டார். இருமல் வந்தால் விழுங்கினார். இந்த முறை நான் வராந்தா வரைக்கும் போகவில்லை. அங்கேயே சொன்னேன்: "இருமிட்டுச் சொல்லுங்க அண்ணி, எவ்வளவுன்னு."

முறைத்தார். இருமினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, "ஏழு," என்றார்.

"அந்த ஏழுக்குத்தான் மாத்திரை," என்றார் நர்ஸ். "ஆழமா மூச்சு விட்டு, இருமி, நடந்தாத்தான் நெஞ்சுல சளி கட்டாது. நாலஞ்சு நாள் நாங்க சொல்ற அளவுல சாப்பிட்டா பழகிப் போகாது. தலையணைய வயித்தோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க." அண்ணி மாத்திரையை விழுங்கினார். அரை மணி நேரத்தில் அவராகவே ஒருமுறை இருமிப் பார்த்து, "நாலு," என்று எனக்கு அறிவித்தார்.

மறுநாள் காலையில் புதுக் கலவரம். வலது தோள்பட்டையில் வலி. "வயித்துல ஆபரேஷன், தோள்ல வலி! ஆள மாத்தி அறுத்துட்டாங்களா?" மயக்க டாக்டர் வருகிற வரைக்கும் பொறுமிக்கொண்டே இருந்தார். வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சொன்னீங்க. தோள் வலிக்கும்னு சொன்னீங்களா?"

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லல," என்றார். "மறந்துட்டேன்மா, என் தப்பு. உள்ள பார்க்கறதுக்காக வயித்துல காத்து அடிப்பாங்க. அதுல கொஞ்சம் தங்கிப் போய்த் தோள்ல வலி காட்டும். நடந்தா ரெண்டு நாள்ல போயிடும்."

சண்டைக்கு வரிந்து கட்டியவருக்கு எதிராளி இல்லாமல் போய்விட்டது. "சரி, சரி," என்று முனகினார். அண்ணி அவ்வளவு சீக்கிரம் ஒருவரைச் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், அவருக்கும் மறுநாள் அதே ஆபரேஷன். டாக்டர் ஸ்டூலை அங்கே நகர்த்தினார். "முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் டீச்சர், முடிஞ்ச மறுநாள் தோள் வலிக்கும், பயப்படாதீங்க," என்று ஆரம்பித்தார்.

"நல்லாவே வலிக்கும்," என்றார் அண்ணி இங்கிருந்து. "ஆனா ஆறுக்கு மேல போகாது." பிறகு என் கையைப் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றினார். "வா, நடக்கலாம். இந்தக் காத்த வெளிய தள்ளிட்டு வருவோம்."

வராந்தாவின் கடைசி ஜன்னல் வரைக்கும் போனோம், நிற்காமல்.