சித்தி தட்டிய கை

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக் கூடமே அன்று ஒரு கைதட்டலில் அடங்கிப்போனது. டிவியில் இந்தியாவும் இலங்கையும் மோதிய கிரிக்கெட் மேட்ச். நம் தொடக்க ஆட்டக்காரர் அவுட்டானதும் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொள்ள, சமையலறை வாசலிலிருந்து மட்டும் படபடவென்று கைதட்டல். திரும்பிப் பார்த்தால், சித்தி! சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கூடலூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத புதுப் பெண்.

வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "ஏம்மா, அவுட்டானது நம்ம ஆளு. தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. நான் இலங்கைக் கட்சி."

சித்தப்பா விட்டத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர், "இந்தியாவுல இருந்துக்கிட்டு இது என்ன பழக்கம்?" என்று முணுமுணுத்தார். சித்தியின் முகம் வாடியது. ஆனாலும் உள்ளே போகவில்லை.

சித்தியின் அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். சித்தி அந்த நாட்டைக் கண்ணால் கண்டதில்லை.

"ஊரை விட்டு வந்ததுலேர்ந்து அப்பா சிரிச்சதே கம்மி மாமா. அந்த டீம் ஜெயிச்சா மட்டும் அன்னைக்குப் பூரா சிரிச்சிக்கிட்டு இருப்பாரு. அதான் சின்ன வயசுலேர்ந்தே நாங்க எல்லாரும் அந்தப் பக்கம்."

பஜ்ஜித் தட்டோடு வந்த பெரியம்மா பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் என்னவாம்? மைசூர்லயே பொறந்து வளந்துட்டு, கர்நாடகாகூட ஆடும்போது தமிழ்நாட்டுக்குத்தானே விசிலடிக்கிறீங்க? அன்னைக்கு கிரவுண்டுல அடி வாங்காம வந்தீங்களே, அதுவே பெருசு!"

கூடம் வெடித்துச் சிரித்தது. "ஹௌதல்லா!" என்று கன்னடத்திலேயே ஒப்புக்கொண்ட பெரியப்பா, பக்கத்து நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்துப்போட்டார். "எதிர்க்கட்சி எவ்வளவு நேரம் நிக்கும்? வந்து உக்காரும்மா."

அப்புறம் சித்தி கத்திய கத்தலுக்குத் தெருவே எட்டிப்பார்த்தது. இலங்கை தோற்றது. ஜெயித்த பெருமையை ஒரு வார்த்தைகூடப் பேசாமல், முதல் காபியை சித்தியிடம் நீட்டினார் பெரியப்பா.

இலங்கை வேறொரு நாட்டோடு ஆடிய அடுத்த மேட்சின்போது சித்தி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "துணிய அப்புறம் பாத்துக்கலாம், ஓடி வாம்மா! நம்ம பசங்க பேட்டிங்!"

இப்போது சித்தி ஹெப்பாளில் தனிக்குடித்தனம். பெரியப்பாவுக்குக் காது மந்தம். இலங்கை ஜெயிக்கும் நாளெல்லாம் சித்திக்கு முன்னால் அவரே கூடலூருக்குப் போன் போட்டு, "சம்பந்தி, நாம ஜெயிச்சுட்டோம்!" என்று கத்துகிறார். அந்தப் பக்கம் சித்தியின் அப்பாவும் அதே அளவுக்குக் கத்துகிறார்.

இந்தியாவோடு ஆடும் நாளில் மட்டும் இருவருமே போனை எடுப்பதில்லை.