ஒரே பெஞ்சில் படித்த சொல்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், புதுச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். என் இங்கிலீஷைச் சோதிக்க, மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி, "டைலேட்னா என்னப்பா?" என்று கேட்டார்.

"விரிவடையறது சார். அகலம்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தையிலேர்ந்து பிரெஞ்சுக்கு வந்து, அங்கேர்ந்து இங்கிலீஷுக்குப் போச்சு."

பள்ளிக்கூடத்தில் படித்தது கைகொடுத்ததே என்று பூரிப்போடுதான் சொன்னேன்.

"பிரெஞ்சு போதை இன்னும் தெளியலையா?" என்றார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் ஃபைலோடு நின்ற குமாஸ்தா அந்தோணிதான் சத்தமாகச் சிரித்தான். பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வார்த்தையின் கதையைக் கேட்டவன் அவன்.

வேலை கிடைக்காதது கூட ஆறிவிட்டது. யாருமில்லாத தெருவில் எதிர்ப்பட்டால் மட்டும் அந்தோணி எனக்கு 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறான். அதுதான் ஆறவில்லை.