பாதை போடாத வரைபடம்

நாற்பத்தெட்டு வயதில், வாத்தியார் வேலையும் பார்த்துக்கொண்டு, மனிதப் புவியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கக் கிளம்பினேன். நானே வாங்கிக் கட்டிக்கொண்ட வினை. தலைப்பு, எங்கள் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும் வழி. கூலிவேலை செய்யும் எட்டுப் பெண்களை உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வரவழைத்து, ஃபேன் போட்டு, டீ கொடுத்து, செல்போனில் பேட்டியைப் பதிவு செய்தேன். எட்டுப் பேரும், "நேரா ரோட்லதான் சார் போறோம்" என்றார்கள். முடிந்தது ஆராய்ச்சி.

என் வழிகாட்டி என்னைவிடச் சின்ன வயது. எழுதிக் கொடுத்ததைப் புரட்டிவிட்டு, "இதுல முக்கால்வாசி நீங்கதான் சார் பேசியிருக்கீங்க. அவங்களோட நடந்து போய்ட்டு வாங்க, வாயைத் திறக்காம. திங்கட்கிழமை வரைபடம் வரலைன்னா இந்த வருஷம் போச்சு" என்றார்.

வாயைத் திறக்காமலா? சாவு வீட்டிலேயே ஜோக்கடித்து வெளியே அனுப்பப்பட்டவன் நான்.

மறுநாள் விடிந்ததும் அந்த எட்டுப் பேரில் ஒரு அக்காவோடு காலனியிலிருந்து நடந்தேன். இரண்டு நிமிஷ மௌனத்திலேயே எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"அக்கா, இந்த வேகத்துக்கு உனக்கு மெடலே..."

"உன் மிஷினுக்குக் கீற பொறுமை உனக்கு இல்லியே சார். கம்னு வா."

ரோடு வந்ததும் அவர் வேறு பக்கம் திரும்பினார். வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"ரோடு உங்க வூட்டாண்ட போவுது. உங்க நைனா பாத்தா, 'இன்னிக்கு நம்ம கழனிக்கு வாடி'ன்னுவாரு. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல முடியுமா? வெளியூரு வேலைக்கு இட்டுக்கினு போற வண்டி பூடும்."

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"எங்க குந்த வச்சிக் கேட்ட? அவரு அங்கயே கட்டில்ல படுத்துக்கினு கீறாரு, நான் சொல்லுவேனா? சுத்திப் போறோம்னு எழுதிக்கோ. எந்தப் பக்கம்னு போட்டுடாத. அங்கயும் வந்து நிப்பாரு."

எந்தப் பக்கம் என்று இங்கேயும் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை வரைபடத்தை நீட்டினேன். ஏரி இருந்தது, கழனி இருந்தது, காலனி இருந்தது, எங்கள் வீடும் இருந்தது.

"பாதை எங்க சார்?"

"போட்டா அவங்க மாட்டிப்பாங்க மேடம்."

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நான் மனசுக்குள் பட்டத்தைத் தலைமுழுகி, டீக்கடைக்கு இடம் பார்த்து, கடன் சொல்பவர்களோடு சண்டையும் போட்டு முடித்திருந்தேன்.

"ஏன் போடலைன்னு எழுதுங்க. பேர் வேண்டாம். ஆனா யாருக்குப் பயந்து சுத்திப் போறாங்க, நீங்க எங்க உக்கார வச்சுக் கேட்டீங்க, எல்லாம் வரணும். ஒரு வாரம் தரேன்."

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே எங்கள் வீடு வந்துவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி தண்ணீர்.

"இன்னாடா எழுதிக்கினே கீற?" கட்டிலிலிருந்து நைனா கேட்டார். "என்னப் பத்தியா?"

"ஆமா நைனா."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வழக்கம்போல ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.