கார் ஓட்டத் தெரியாமல் கார் விற்கப் போனவள்

நாமக்கல்லில் பிறந்து, லாரி டிரைவருக்கு மகளாக வளர்ந்து, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பத்தாம் வகுப்புப் பாடம் படித்தவள் நான். ஆனாலும் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள் ஓட்டுவேன், எதிரே ஆடு மாடு வராமல் இருந்தால். இப்படிப்பட்டவளைத்தான் பிடித்துக் கார் விற்கிற வேலையில் உட்கார வைத்தார்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்களிடம் பேச ஷோரூமில் ஒரு பெண் இருந்தால் நல்லது என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. நேர்காணலில் என் படிப்பைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், இங்கிலீஷ் பேச வருமா என்று கேட்டார்கள். கார் ஓட்ட வருமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் வாயைத் திறப்பானேன்? சிவனே என்று சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்து அரை வருடமாகியும் ஒரு கார்கூட என் கையால் விற்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த மாசம் ஒரு வண்டியாச்சும் போகணும் அம்மணி. இல்லீன்னா நீ ஊட்லயே இருந்துக்க." வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அப்பா பேசி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, வந்ததிலிருந்து எழுந்து போகிறவரை முட்டை விலையைத் தவிர வேறெதையும் பேசவில்லை. வேலையைச் சாக்குச் சொல்லித்தான் அந்தக் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ஒரு கார் விற்றாக வேண்டும். யாரிடமாவது, எப்படியாவது.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்த காலம் அது. அதற்கு முன்னால் கார் வாங்க வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், வெள்ளைக் கலர் இருக்கிறதா என்பார்கள், சீட் கவர் சும்மா தருவீர்களா என்பார்கள். இன்டர்நெட் வந்ததும் எல்லாரும் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் படித்துச் சொன்னது, பெங்களூரில் இருக்கும் மருமகன் அனுப்பியது என்று கொண்டுவந்து கேள்வி கேட்டார்கள். நாங்கள் திருதிருவென்று முழித்தோம்.

இதற்காகவே எங்களைச் சேலத்தில் ஒரு ஓட்டலுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். டை கட்டிய ஒருத்தர் வந்து, வாடிக்கையாளர் ஆட்சேபணை சொன்னால் எதிர்த்துப் பேசாதே, தலையை ஆட்டு, அவர் கண்ணைப் பார், "நீங்க சொல்றது புரியுதுங்க, உங்க எடத்துல நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்" என்று சொல், அப்புறம் பதிலை எடுத்து விடு என்றார். நான் அதைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். அம்மா "இன்னைக்கு ரசம்தான்" என்றபோதுகூட, உங்க எடத்துல நான் இருந்தாலும் இதையேதான் வெச்சிருப்பேன் என்றேன். கரண்டி பறந்து வந்தது.

அந்த மாசம்தான் கொல்லிமலையிலிருந்து போன் வந்தது. மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊர்ப்பக்கம் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற ஒருத்தர், வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். மற்றவர்கள் யாரும் மலைக்குப் போகத் தயாராக இல்லை. எழுபது வளைவு ஏறிப் போய், பார்த்துச் சொல்கிறேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்க யாருக்கு ஆசை வரும்? நான்தான் முந்திக்கொண்டு போகிறேன் என்றேன்.

காட்டுவதற்கு வைத்திருந்த காரை ஓட்டியவர் எங்கள் டிரைவர் அண்ணன். எப்போதும் வாயில் வெற்றிலை, பேசுவதே அபூர்வம். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. பாதி மலையில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓரமாகக் குனிந்து, காலையில் தின்ற இட்லியை மலைக்கே கொடுத்தேன். டிரைவர் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வண்டில போனா குலுக்கலே இருக்காதுன்னு சொல்லி விக்கப்போறது நீதானே அம்மணி?" என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்ததே மேல்.

வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எதிரே ஒரு கட்டிலில் உட்கார்ந்தார். "வாங்க கண்ணு, காப்பி குடிங்க" என்று அன்பாகத்தான் ஆரம்பித்தார். காப்பி அவர்கள் தோட்டத்துக் கொட்டையில் போட்டது. நான் அதைக்கூடச் சரியாகக் குடிக்காமல் பேச ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "இருங்க கண்ணு, தண்ணி குடிச்சுப்போட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.

திரும்பி வந்து கேட்டார். "ஏனுங்க, இதுக்குக் கிரவுண்டு கிளியரன்ஸ் கம்மின்னு சொல்றாங்களே? எங்க ஊட்டு ரோட்டுல அடி தட்டாதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையில் மிளகு பறிக்கிறவர் வாயில் கிரவுண்டு கிளியரன்ஸ்! கண்ணைப் பார்த்தேன், தலையை ஆட்டினேன். "நீங்க சொல்றது புரியுதுங்க. உங்க எடத்துல நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்." மேனேஜர் பிரவுசிங் சென்டரில் எடுத்துக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துப் பதிலை ஒப்பித்தேன்.

அவர் மறுபடி தண்ணீர் குடிக்கப் போனார். வந்து, முழு லோடு ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டால் ஏற்றத்தில் இன்ஜின் திணறுமாமே என்றார். நான் காகிதத்தைப் புரட்டினேன். மறுபடி தண்ணீர். பிரேக் சூடேறினால் என்ன செய்வது? மறுபடி தண்ணீர். உதிரி பாகம் நாமக்கல்லில் கிடைக்குமா, கோயமுத்தூரிலிருந்து வரவேண்டுமா? எங்கேயோ இருந்த இன்டர்நெட் அவர் வாய் வழியாகப் பேச, என் மடியில் இருந்த இன்டர்நெட் என் வாய் வழியாகப் பதில் சொன்னது. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் பாதி புரியவில்லை என்பதுதான் நிஜம்.

எனக்கு அவர்மேல் பாவமாகிவிட்டது. இந்த வயதில் ஒரு மனுஷன் இத்தனை தடவை தண்ணீர் குடித்தால் என்ன அர்த்தம்? வாடிக்கையாளரிடம் அக்கறை காட்டு என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு தடவை சக்கரை டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க" என்றேன்.

உள்ளே யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு அக்கா வெளியே வந்தார். அவர் மனைவி.

"அவருக்குச் சக்கரை எல்லாம் இல்லீங்க அம்மணி. ஒவ்வொண்ணா நாந்தான் கேக்கச் சொன்னேன்."

அட கருமமே! விஷயம் இதுதான். அந்த அக்கா மகளிர் குழுவில் கணக்குப் பார்க்கிறவர். குழு வேலையாக நாமக்கல் வரும்போதெல்லாம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எங்கள் காரைப் பற்றி யார் யார் என்னென்ன திட்டியிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து விலை பேசுவது ஆம்பளை வேலை என்பதால் வீட்டுக்கார அண்ணனை அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள் என்று நான் அத்தனை நேரமும் ஆளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசடு வழிந்தது. அதைத் துடைக்க அவசரமாக ஒன்றைச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அக்கா, இது ரொம்ப ஈசியான வண்டிங்க. பொம்பளைங்களே மலையில ஓட்டலாம்." காரின் விளம்பரப் புத்தகத்தை விரித்தேன். அதில் ஒரு பெண் கூந்தல் பறக்க மலைப்பாதையில் காரோட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டுவீங்களா?"

தலையை ஆட்டினேன், பழக்கதோஷத்தில். நீங்க சொல்றது புரியுதுங்க என்று ஆரம்பித்தேன். மடியில் இருந்த காகிதத்தில் இதற்குப் பதில் இல்லை. "இல்லீங்கக்கா" என்றேன். "எனக்குச் சுத்தமா ஓட்டத் தெரியாதுங்க." காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த டிரைவர் அண்ணன் முதுகு குலுங்கியது. என் மானம் கப்பலேறி, அந்த மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கார அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். "பாத்தியா? விக்க வந்த புள்ளைக்கே வரல. இத்தன வளைவுல பொம்பள ஓட்டுறதாவது! நா அப்பவே சொன்னனா இல்லையா?"

அவர்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் ஓட்ட ஆசைப்பட்டவர் அக்கா. அண்ணனுக்குக் காரை எதிர்த்து ஒரு ஆட்சேபணையும் இல்லை. அவருடைய ஆட்சேபணை எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகும் கையைப் பற்றியதுதான். அதற்கு நானே சாட்சியாகப் போய் நின்றிருக்கிறேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அக்கா விடவில்லை. "சேரி. இந்தப் புள்ள பழகிக்கிட்டு, இதே வண்டிய இதே மலைல ஓட்டிக்கிட்டு வரட்டும். வந்தா வாங்கோணும். வல்லீன்னா நா காருப் பேச்சே எடுக்கல." அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்து, நல்ல வியாபாரம் என்ற சந்தோஷத்தோடு சம்மதித்தார்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மலையிலிருந்து வேறு ஒருத்தரும் கார் கேட்டதில்லை. ஒன்று போனால் நாலு போகும் என்று கணக்குப் போட்டு, எனக்கு இன்னும் இரண்டு மாசம் கொடுத்தார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்னை ஏற்றிக்கொண்ட முதல் நாளே குலதெய்வத்தைக் கூப்பிட்டார். கியரையும் கிளச்சையும் என்னால் ஒருநாளும் ஒத்துப்போக வைக்க முடியவில்லை. அப்பாவிடம் விஷயம் போனது. இருபது வருடம் லாரி ஓட்டியவர், "உனக்கு எதுக்குக் கண்ணு இந்த வேலை" என்று முட்டைக்கார மாப்பிள்ளையின் ஜாதகத்தைத் தூசி தட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ரிவர்ஸ் கியர் ஒழுங்காக விழுந்தது.

மலை ஏறின அன்று டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை ஹேண்ட் பிரேக்கிலேயே வைத்திருந்தார். பயத்தில் வெற்றிலை போட மறந்துவிட்டார். முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பினேன். மரத்திலிருந்த குரங்குகள்கூட ஒதுங்கிக்கொண்டன. நடு மலையில், எதிரே பஸ் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டேன். வண்டி பின்னால் நகர்ந்தது. டிரைவர் அண்ணன் "ஐயோ சாமி!" என்று பிரேக்கை இழுத்தார். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, கல்லெடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஜன்னலில் தலையை நீட்டி எனக்குக் கிளச்சை விடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். நான் அழுதுகொண்டே ஏறினேன். ஆனால் ஏறினேன். எனக்கே ஆச்சரியம், அன்றைக்கு வாந்தி வரவில்லை. பயத்துக்கு நடுவில் அதற்கு நேரமில்லை போலிருக்கிறது.

அவர்கள் வாசலில் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. காயப்போட்டிருந்த மிளகின் ஓரத்தை ஏறி நசுக்கி, மரவள்ளிக் கிழங்குக் குவியலில் முட்டி, ஒரு குதி குதித்து இன்ஜின் தானாகவே அணைந்தது. கிழங்குகள் உருண்டு ஓடின. அக்காவும் அண்ணனும் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்து இறங்கினேன். நிற்க முடியாமல் அந்தக் கிழங்குக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முகமெல்லாம் வியர்வை, கண் மையெல்லாம் கன்னத்தில். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இதைப் பார்த்தபிறகு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்குக் கார் வாங்கிக் கொடுப்பான்? வேலையும் போச்சு, முட்டைக்காரர் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். காரைப் பார்த்தார். உருண்டோடிய கிழங்குகளைப் பார்த்தார். அப்புறம் அக்காவிடம் திரும்பினார்.

"இந்தப் புள்ளயே மேல வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்துருச்சு. அப்பறம் நீ ஓட்டாமயா போயிருவ? வாங்கிப்போடு."

டிரைவர் அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனுஷன் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், நான் திறந்துபோட்டிருந்த கதவு வழியாக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். எத்தனையோ படித்திருந்த அந்த மனுஷி குனிந்து கால்மாட்டைத் தேடிவிட்டு, ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார்.

"அம்மணி, இதுல கிளச்சு எதுங்க?"

"இடது காலுக்குங்கக்கா" என்றேன். "மெதுவா விடணும்."