சாப்பரில் சுற்றியிருந்த சிவப்பு ரிப்பன்

அப்போதுதான் அறுத்த வைக்கோலும் சூடான கிரீஸும் கலந்த ஒரு வாசனை... எங்கே அடித்தாலும் இன்றும் எனக்கு அந்த வயல்தான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னை பாடியில் ஒரு ரிப்பேர் ஷெட்டில் வேலை பார்த்தேன். திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். நானும் கூட வேலை செய்த அந்தோணியும் டூல் பாக்ஸோடு ரயில் ஏறினோம்.

மெஷினின் பின்னால் வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளுவதுதான் சாப்பர். உள்ளே ஒரு உருளை, அதில் வரிசையாகத் தொங்கும் பிளேடுகள். ஒன்று பாதியில் உடைந்திருந்தது. ஒன்று உடைந்தால் அதற்கு நேர் எதிரே இருப்பதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எடை பிசகி மெஷினே ஆடும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு அந்தோணி உருளையை மெல்லத் திருப்பினான். காற்றே இல்லை. பிளேடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, கிளிங்... கிளிங்...

சட்டென்று கையை எடுத்தான்.

உடைந்த பிளேடுக்கு அடியில், வைக்கோலோடு வைக்கோலாக, முடி. கறுப்பாக, நீளமாக, இறுகச் சுற்றியிருந்தது.

மெஷின் ஓனர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் குதிக்கிற ஆள். "எருமை வாலா இருக்கும். அறுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்கப்பா."

அந்தோணி கொஞ்சம் இழுத்தான். கூடவே சிவப்பாக ஒன்று வந்தது.

"எருமைக்கு ரிப்பன் கட்டி உடுவீங்களா சார்?"



வரப்பில் நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். சாப்பர் வெட்டி மண்ணில் தள்ளும் தூளை மாடு தின்னாது. அதனால் மெஷின் பின்னாலேயே நடந்து, அது இழுப்பதற்கு முன் நீள வைக்கோலைக் கையால் பிடுங்குவார்கள்.

"நேத்து எங்க ஓடிச்சி அண்ணாத்தே?" டிரைவரிடம் கேட்டேன். அவர் காலால் மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னார்.

"முத்தாபுதுப்பேட்டை பக்கம். நா ஓட்டல. ஓட்டுனவன் சொல்லாம கொள்ளாம ஊட்டுக்குப் பூட்டான். அதான் என்னை இட்டாந்தாங்க."

"மச்சான், பிளேடு போட வேணாம்டா. போய் விசாரிச்சிகினு வரலாம்" என்றான் அந்தோணி.

ஓனர் எங்கள் முதலாளிக்கு வேண்டியவர். விசாரித்தால் வேலை போகும். "நம்ம வேலை பிளேடு மாத்தறது. அவ்ளோதான்" என்றேன்.

அவன் அதற்கப்புறம் ஸ்பேனரைத் தொடவில்லை. முடியை வேஸ்ட் துணியில் சுற்றி, சிலுவை போட்டு, வரப்போரம் புதைத்தான். பெண்களிடம் போய், "பின்னால வராதீங்கம்மா" என்றான்.

"எங்க மாட்டுக்கு நீ போடுவியா நைனா?"

புது பிளேடு இரண்டையும் நானே போட்டேன். ஓட்டச் சொல்லிக் கையசைத்தேன். துளி ஆட்டம் இல்லை. மெஷின் நகர்ந்தது. பெண்கள் பின்னாலேயே போனார்கள்.

இப்போது அங்கே வயலே இல்லை, எல்லாம் பிளாட். இப்போதைய மெஷின்களில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி வருகிறது. யாருக்கு என்ன ஆனது என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அன்றைக்கு அதெல்லாம் ஏது என்று சொல்லிக்கொள்ளலாம்தான்...

முத்தாபுதுப்பேட்டைக்கு அன்றைக்கும் பஸ் இருந்தது.